கடலுக்குப் போற தண்ணி வீண் இல்லை! கடைமடையை இறால் குட்டைக்கு விடாதே!



போன கிளைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். "செயலாளரே, நாம நெல்லு விலைக்கும் தண்ணிக்கும் போராடுற சங்கம். திடீர்னு மீனு, கடலு, பாக் விரிகுடான்னு பேசுறீங்களே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? மீனவனுக்கு தனிச் சங்கம் இருக்கில்ல?"

நியாயமான கேள்விதான். பலபேர் மனசுல இருந்ததை அவர் வாய்விட்டுக் கேட்டுட்டார். அதுக்கு அன்னைக்கு இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்ல முடியலை. அதான் இந்தப் பிரசுரம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். படிக்கத் தெரிஞ்சவங்க டீக்கடையில் உட்கார்ந்து மத்தவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

எனக்கு எட்டு, ஒன்பது வயசிருக்கும்போது, தை மாசம் களத்துமேட்டில் நெல் தூத்தும்போது கடற்கரை ஊரிலிருந்து பெண்கள் தலையில் கூடையோடு வருவார்கள். கூடையில் கருவாடு. எங்க ஆத்தா நெல்லை அளந்து போடுவாங்க, அவங்க கருவாட்டை எண்ணி வைப்பாங்க. காசு கிடையாது, கடைக்காரன் கிடையாது. மழை பெய்து ஆறு நிறைஞ்சு ஓடின வருஷம் அந்தக் கூடை கனமாக இருக்கும். வறட்சி வருஷம் நெல்லும் இருக்காது, கருவாடும் குறைச்சல். அப்போ அது ஏன்னு எனக்குத் தெரியாது. இப்போ தெரியுது. ரெண்டும் ஒரே தண்ணியில் விளையுறதுதான்.

நம்ம வாய்க்கால் முடியுற இடத்தில்தான் அந்தக் கடல் தொடங்குது

கோடியக்கரையிலிருந்து ராமேஸ்வரம் தீவு வரைக்கும் வளைஞ்சு கிடக்கிற கடல்தான் பாக் விரிகுடா. எதிரே யாழ்ப்பாணம், மன்னார். ஆழமான கடல் இல்லை. பெரும்பாலான இடத்தில் பதினைந்து மீட்டர் ஆழம்கூட கிடையாது. அலையும் பெரிசா அடிக்காது. அதனால்தான் அடியில் வெயில் இறங்குது, கடல்புல் வளருது. அந்தப் புல்லில்தான் இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, கணவாய், காரல் எல்லாம் ஒளிஞ்சு வளருது. ஆவுளியா என்கிற கடல்பசு மேயறதும் அந்தப் புல்லைத்தான்.

இந்தக் கடலுக்கு நல்ல தண்ணி கொண்டுபோறது யார்? முத்துப்பேட்டைப் பக்கம் பாமணியாறு, கோரையாறு, மரைக்கா கோரையாறு. இந்தப் பக்கம் அக்னியாறு, அம்புலியாறு, தெற்கு வெள்ளாறு. ராமநாதபுரத்தில் வைகையின் மிச்சம். வெண்ணாற்றுப் பாசனத்தின் வாலும், கல்லணைக் கால்வாயின் வடிகாலும் கடைசியில் போய்ச் சேருறது இங்கேதான். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு நின்னதும் இந்தத் தண்ணியும் வண்டலும் போனதால்தான்.

மடவை, கொடுவா, வெள்ளை இறால் இதெல்லாம் கடலில் முட்டையிடும். குஞ்சு கழிமுகத்துக்கு வந்து உப்பும் நல்லதும் கலந்த தண்ணியில் வளர்ந்து, பெரிசான பிறகு கடலுக்குத் திரும்பும். அதாவது நாத்தங்கால் நம்ம பக்கம், நடவு வயல் கடல். நாத்தங்காலுக்குத் தண்ணி விடாமல் நடவு பண்ண முடியுமா? எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லிடுவான். கோட்டையில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு மட்டும் இது புரியலை.

"வீணாகக் கடலில் கலக்குது"

இதைச் சொன்னால் நம்ம ஆட்களே கோபப்படுவாங்க. சொல்லித்தான் ஆகணும். வெள்ளம் வந்தால் "இத்தனை டி.எம்.சி. வீணாகக் கடலில் கலந்தது" என்று பத்திரிகை எழுதுது, டி.வி. கத்துது, நாமும் மேடையில் பேசியிருக்கோம். நானே பேசியிருக்கேன். அரைகுறைப் பேச்சு அது.

கொள்ளிடத்தில் பாய்ஞ்சு ஓடுற பெருவெள்ளம் இருக்கே, அது பாக் விரிகுடாவுக்கு வர்றதே இல்லை. அது வடக்கே வங்கக் கடலுக்குப் போகுது. அந்த வெள்ளத்தைத் தேக்கு, தடுப்பணை கட்டு, ஏரி குளத்தை நிரப்பு, கடைமடைக்குத் திருப்பு என்று கேட்பது நியாயம். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய காவிரி-வைகை-குண்டாறு இணைப்பையும் நாம் எதிர்க்கலை. புதுக்கோட்டை, ராமநாதபுரம் விவசாயி எத்தனை காலம் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பான்? ஆனால் நம்ம கோரையாறு, பாமணியாறு, அக்னியாறு வழியாகக் கடலுக்குப் போற கொஞ்சநஞ்சத் தண்ணியையும் வீண் என்று சொன்னால், நம்ம தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறோம். ஆறு தள்ளாத இடத்தில் கடல் தள்ளும். நல்ல தண்ணி கீழே இறங்கலைன்னா உப்புத் தண்ணி மேலே ஏறும். இருபது வருஷத்துக்கு முன்னால் நாற்பது அடியில் குடிதண்ணி எடுத்த கடற்கரைக் கிராமத்து ஜனங்களைக் கேட்டுப் பாருங்க, இப்போ அந்தப் போரில் என்ன வருதுன்னு.

இதை நான் மட்டும் சொல்லலை, காவிரி நடுவர் மன்றமே சொல்லியிருக்கு. 2007 இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி.யைப் பங்கு போட்டபோது தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகாவுக்கு 270, கேரளாவுக்கு 30, புதுவைக்கு 7 என்று பிரிச்சு, சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு என்று தனியாக 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டி.எம்.சி. என்று எழுதி வைத்தார்கள். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் நம்ம பங்கை 404.25 ஆகக் குறைத்தது. நமக்கு வயிறு எரிஞ்சது. ஆனால் அந்த 14 டி.எம்.சி.யில் கை வைக்கலை. கர்நாடகா பிலிகுண்டுலுவில் தரவேண்டிய 177.25 டி.எம்.சி. இருக்கே, அதுக்குள்ளேயே அந்தச் சுற்றுச்சூழல் 10 டி.எம்.சி.யும் அடங்கியிருக்கு.

இப்போ கேள்வி கர்நாடகாவைப் பார்த்து இல்லை, தமிழ்நாடு பொதுப்பணித் துறையைப் பார்த்து, நீர்வளத் துறையைப் பார்த்து. அந்த 10 டி.எம்.சி. எந்த மாசம், எந்த ஆற்றில், எந்த ரெகுலேட்டர் வழியாகத் திறக்கப்படுது? மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு என்று தினசரி பேப்பரில் வருது. அதில் இந்தப் பத்துக்குத் தனிக் கணக்கை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நம்ம பங்கில் கர்நாடகா ஒரு டி.எம்.சி. குறைச்சால் டெல்லி வரைக்கும் போறோம். கடலுக்கும் காட்டுக்கும் உள்ள பங்கை நம்ம அரசாங்கமே முழுங்கினால் கேட்க ஆளில்லை.

இறால் வந்த கதை

அறுபதுகளில் தஞ்சாவூர் ஜில்லாவுக்குப் பச்சைப் புரட்சி வந்தது. தீவிர வேளாண்மைத் திட்டம், ஏ.டி.டி.-27, மூட்டை மூட்டையாக யூரியா. விளைச்சல் கூடினது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மண்ணும் போச்சு, கடனும் வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் கடலுக்குள்ளே விசைப்படகையும் இழுவை மடியையும் மானியம் கொடுத்து இறக்கினார்கள். தொண்ணூறுகளில் தாராளமயம் வந்ததும் மூணாவதாக ஒன்று வந்தது. வயலும் இல்லாமல் கடலும் இல்லாமல் நடுவில் குட்டை வெட்டி டாலர் எடுக்கிறது. நீலப் புரட்சி என்றார்கள். கிழக்கு தஞ்சையில் நெல் விளைஞ்ச நிலத்தை ஏக்கர் ஏக்கராக வாங்கி மண்வெட்டி இயந்திரம் விட்டார்கள். 1994-95-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை குட்டையாக இறால் செத்து மிதந்தது. கம்பெனிக்காரன் மூட்டை கட்டிட்டான். உப்புப் பூத்த நிலம் இங்கேயே கிடந்தது.

அப்போ வழக்குப் போட்டவர் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் அய்யா. உழுபவனுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கிறதுக்கே வாழ்நாளைச் செலவழிச்சவர். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிற இறால் பண்ணையை எல்லாம் 1997 மார்ச் 31-க்குள் இடி. பரம்பரை முறையில் நடக்கிறதை மட்டும் விடு. விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈர நிலம், கிராமப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாத்தக் கூடாது. கெடுத்தவன் நஷ்ட ஈடு கொடு. இந்தத் தொழிலில் வரும் லாபத்தைவிட ஊருக்கும் இயற்கைக்கும் வரும் சேதம்தான் பெரிசு என்று நீதிமன்றமே சொன்னது.

இடிச்சாங்களா? மறுஆய்வு மனு, மசோதா என்று இழுத்தார்கள். இழுத்து இழுத்து 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று ஒன்றைப் பார்லிமெண்டில் கொண்டு வந்தார்கள். அதில் ஒரு வேலை பண்ணினார்கள் பாருங்க. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி. அதுவும் 2005-லிருந்து இல்லை, அறிவிப்பு பிறந்த 1991 பிப்ரவரி 19-லிருந்தே பொருந்தாது! நடந்த தப்பு தப்பே இல்லை என்று முன்தேதி போட்டு எழுதிட்டார்கள். ஒரு சிறு விவசாயி பட்டாவில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த எத்தனை வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறான்? பணக்காரனுக்குப் பதினாலு வருஷத்துத் தப்பை ஒரே வரியில் திருத்துறாங்க. உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றார்கள், ஆனால் ஏற்கெனவே இருக்கிறதுக்கு விதிவிலக்கு.

அந்தச் சட்டத்தில் நமக்குச் சாதகமாக இருந்தது ஒண்ணே ஒண்ணு. பதிவு இல்லாமல் பண்ணை நடத்தினால் மூணு வருஷம் வரை ஜெயில். 2023-ல் சட்டத்தைத் திருத்தி அதையும் எடுத்துட்டார்கள். இனிமே அபராதம் மட்டும்தான். அபராதம் என்பது அவனுக்குத் தீவனச் செலவு மாதிரி, கணக்கில் ஒரு வரி.

இதில் மத்திய சர்க்காரைச் சொல்லிட்டு மாநில சர்க்காரை விட்டுட முடியாது. பண்ணைப் பதிவுக்கு மாவட்ட அளவில் கமிட்டி இருக்கு, கலெக்டர்தான் தலைவர். விவசாய நிலம் எது, தரிசு எது என்று எழுதுறது வி.ஏ.ஓ., சரி பார்க்கிறது தாசில்தார். எல்லாம் கோட்டையின் கீழே. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும், மணமேல்குடி, ஆவுடையார்கோவில் உள்பட புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் அதில் வந்தது. மீத்தேனை எதிர்த்துத் தெருவில் நின்னதுக்குக் கிடைச்ச பலன் அது, வரவேற்றோம். ஆனால் தடை பண்ணின தொழில் பட்டியலைப் படிங்க. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு, எண்ணெய் எரிவாயுக் கிணறு எல்லாம் இருக்கு. இறால் குட்டை இல்லை! எங்க ஊரில் எவன் வந்து கப்பல் உடைக்கப் போறான்? உடைக்கிறவனைத் தடுத்துட்டு, பக்கத்து வயலில் உப்புத் தண்ணி கட்டுறவனை விட்டுட்டார்கள்.

குட்டை எப்படி வருது?

முதல்ல கடைமடைக்கு முறைத் தண்ணி வராது. ரெண்டு, மூணு போகம் தரிசு விழும். அடங்கலில் "தரிசு" என்று ஏறும். அப்புறம் ஒரு புரோக்கர் புல்லட்டில் வருவார். "சும்மாதானே கிடக்கு, ஏக்கருக்கு வருஷக் குத்தகை முன்கூட்டியே தர்றேன், அஞ்சு வருஷம் எழுதிக் கொடு." மகள் கல்யாணம், கூட்டுறவு பேங்க் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் செலவு. கையெழுத்துப் போட்டுடுவான் மனுஷன். நான் அவனைக் குறை சொல்லலை. நெல்லுக்குக் கட்டுபடியான விலை கொடுத்திருந்தால் அவன் ஏன் போடுறான்?

எங்க பக்கத்தில் அப்படித்தான் ஒருத்தர் ரெண்டு ஏக்கர் கொடுத்தார். என் வயலுக்கும் அவர் வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பும் வடிகாலும்தான். ராத்திரியெல்லாம் ஏரியேட்டர் ஓடுற சத்தம். வாய்க்கால் வழியா உப்புத் தண்ணி மோட்டார் வச்சு ஏத்துவான். அறுவடை முடிஞ்சதும் குட்டையைத் திறந்துவிட்டால் தீவன மிச்சம், இறால் கழிவு, பிளீச்சிங் பவுடர், மருந்து எல்லாம் அதே வடிகாலில். அந்த வடிகால்தான் என் வயல் தண்ணியும் போற வழி. மூணாவது வருஷம் என் போர்த் தண்ணி கரிக்க ஆரம்பிச்சது. நாத்து நுனி கருகினது. வரப்போரத் தென்னையில் குரும்பை கொட்டினது. மனு கொடுத்தேன், அதிகாரி வந்தார், குட்டைக்காரர் வீட்டில் இளநீர் சாப்பிட்டார், "ஆய்வு செய்யப்பட்டது" என்று பதில் வந்தது. நாலாவது வருஷம் நோய் விழுந்து குட்டைக்காரரே ஓடிட்டார். நிலம் கொடுத்தவர் இன்னைக்கு அந்த ரெண்டு ஏக்கரில் கருவேலங்கட்டை வெட்டி வித்துக்கிட்டிருக்கார். அவரும் நம்ம சங்க உறுப்பினர்தான், இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

அந்த வடிகால் எங்கே போகுதுன்னு ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கிட்டு அதன் கரையோடவே போனேன். கழிமுகத்தில் போய் நின்னது. அங்கே தோளில் வலையோட நின்ன ஒரு மீனவர் கேட்டார், "மேலே இருந்து என்னய்யா விடுறீங்க? நண்டுக் குஞ்சைக் காணோம்." அவர் நினைப்பில் நான்தான் விடுறவன். நம்ம யூரியாவும் பூச்சிமருந்தும் அதில் போகலைன்னு சொல்ல எனக்கும் வாய் வரலை. அதையும் நாம் ஒத்துக்கத்தான் வேணும்.

இறால் தீவனத்தில் என்ன இருக்கு தெரியுமா? மீன் மாவு. மீன் மாவு எதில் அரைக்கிறான்? இழுவை மடியில் வாரி வந்த சங்காயத்தில். மீன் குஞ்சு, நண்டுக் குஞ்சு, விலை போகாத பொடிசு எல்லாம் அதில். கடலின் விதைநெல்லைக் குத்தி, குட்டையில் வளர்ற வனாமி இறாலுக்குப் போட்டு, அமெரிக்காக்காரன் தட்டுக்கு அனுப்புறான். 2009-ல் அனுமதி கொடுத்து உள்ளே விட்ட அந்த வனாமியும் நம்ம கடல் சரக்கு இல்லை, அமெரிக்கக் கண்டத்துப் பசிபிக் கரையில் பிறந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்று அறிவிச்சதும் இங்கே குட்டைக்காரன் கையைப் பிசைஞ்சான். நம்ம நிலத்தின் தலையெழுத்து வாஷிங்டனில்!

காகிதத்தில் காப்பகம்

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஒரு நல்ல காரியம் பண்ணினது. தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகம் என்று அறிவிச்சது. நாட்டிலேயே முதலாவது. கைதட்டினோம். நாலு மாசம் ஆகலை, 2023 ஜனவரி 12 அன்று அதே அரசு சட்டசபையில் சேது சமுத்திரத் திட்டத்தை உடனே நிறைவேற்று என்று தீர்மானம் போட்டது. எதிர்க்கட்சியும் சேர்ந்து ஒருமனதாகக் கை தூக்கினது. சேது கால்வாய் எந்த வழியாகப் போகுது? இதே பாக் விரிகுடா வழியாகத்தான். 12 மீட்டர் ஆழத்துக்கு அடிமண்ணை வெட்டி வாரணும். 2005-ல் தொடங்கி வாரின மண் சேற்றுத் தண்ணியைக் கடற்கரை ஜனம் மறக்கலை. ஒரு கையால் புல்லைக் காப்பாத்துறேன் என்று அறிவிப்பு, இன்னொரு கையால் புல்லைப் பெயர்க்கத் தீர்மானம்.

சரி, கால்வாயை விடுங்க, அது கோர்ட்டில் கிடக்கு. காப்பகத்துக்கு மேலே, கரையில், ஆற்று வாயில் என்ன நடக்குதுன்னு காப்பகத்து அறிவிப்பில் ஒரு வார்த்தை உண்டா? வனத்துறை கடலுக்குக் காவல். கரைக்கு மீன்வளத் துறை. ஆத்துக்கு நீர்வளத் துறை. நிலத்துக்கு வருவாய்த் துறை. நம்மளை ஒவ்வொரு ஆபீசா அலைய விடுறதுக்குத்தான் இந்தப் பங்கீடு. உப்புத் தண்ணிக்கு ஒரே துறைதான், அது எல்லா எல்லையையும் தாண்டி வருது.

விசைப்படகு விஷயம்

இதையும் மறைக்கக் கூடாது. 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து மூணு கடல் மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது. இரட்டைமடி கூடாது. விசைப்படகுக்கு வாரம் மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று ஏற்பாடு. வருஷத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. எல்லாம் ஏட்டில் சரியாத்தான் இருக்கு. ராத்திரி கரையோரம் போய் நின்னு பாருங்க, சட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு தெரியும். நாட்டுப்படகுக்காரன் வலையை அறுத்துட்டுப் போறான். அவன் போலீசுக்குப் போனால் நமக்கு வர்ற அதே "ஆய்வு செய்யப்பட்டது" பதில்தான்.

நம்ம பக்கம் வழிச்சுத் துடைச்ச பிறகு படகு அக்கரைக்குப் போகுது. இலங்கைக் கடற்படை பிடிக்குது, அடிக்குது, படகைப் பறிக்குது. நம்ம பிள்ளைகள் செத்திருக்காங்க. அதைக் கண்டிக்கிறோம், எந்த மன்னிப்பும் கிடையாது. ஆனால் அக்கரையில் வலை கிழியறவன் யார்? யாழ்ப்பாணத்து, மன்னாரு தமிழ் மீனவன். முப்பது வருஷ யுத்தத்தில் கடலுக்கே போக முடியாமல் இருந்தவன். இலங்கை 2017-லேயே இழுவை மடியைத் தடை பண்ணிட்டது. மேடையில் தொப்புள்கொடி உறவு, கடலில் அவன் வலையை அறுக்கிறதா?

படகில் கூலிக்குப் போறவனைத் திட்டி என்ன ஆகும்? அவன் நம்ம கூலி ஆள் மாதிரி. 2017-ல் இழுவைப் படகை ஆழ்கடல் படகாக மாத்துற திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம், எழுபது சதவீதம் மானியம், இருபது சதவீதம் பேங்க் கடன், பத்து சதவீதம் கைக்காசு, மூணு வருஷத்தில் 2000 படகு என்றார்கள். இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போகலை. பாக் விரிகுடாவில் காலையில் போய் மறுநாள் திரும்புறவனை, நாள் கணக்கில் ஆழ்கடலில் தங்கச் சொன்னால் பழக்கம் வேணும், துறைமுகம் வேணும், கடன் அடையற மாதிரி விலை வேணும். படகை மட்டும் கொடுத்தால் போதும் என்கிறது, மாடு வாங்கிக் கொடுத்துட்டு வைக்கோலை மறந்த கதை.

நாம என்ன கேட்கிறோம்

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இறால் குட்டையைச் சேர். சட்டசபையில் ஒரு திருத்தம் போதும், டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. மூணு போகம் தண்ணி வராமல் தரிசாகக் கிடக்கிற கடைமடை நிலத்தைத் தரிசு என்று எழுதாதே, "பாசன நீர் வழங்கப்படவில்லை" என்று எழுது. தப்பு எவனோ அவன் பேரில் ஏறட்டும். பதிவு இல்லாத குட்டையை மூடி, உப்பான நிலத்துக்கும் போருக்கும் குட்டைக்காரனிடமே நஷ்ட ஈடு வாங்கிக் கொடு. 1996 தீர்ப்பில் இருக்கிற விஷயம்தான், புதுசா எதுவும் கேட்கலை.

காவிரியின் சுற்றுச்சூழல் பங்குக்கு மாசாமாசம் கணக்குக் காட்டு. கோரையாறு, பாமணியாறு, அக்னியாறு வாயிலில் எவ்வளவு நல்ல தண்ணி இறங்கினதுன்னு எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டு. கழிமுகத்தில் உப்பு ஏறாமல் தடுப்பு கட்டும்போது மீன் குஞ்சு ஏறி இறங்க வழி விட்டுக் கட்டு. அதை எப்படின்னு அங்கே வலை போடுறவனைக் கேளு, என்ஜினீயருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரியும். சேது தீர்மானத்தை வாபஸ் வாங்கு. மூணு மைல் சட்டத்தை அமல்படுத்து, இழுவைப் படகைக் கைவிடுறவனுக்கு வழி பண்ணிக் கொடு.

நம்ம உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. யாரும் கோவிச்சுக்கக் கூடாது. சங்கத்துச் சந்தா ரசீதைச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டு, பின்பக்கமா குட்டைக்குக் குத்தகை எழுதிக் கொடுக்கிறது நிறுத்தப்படணும். கஷ்டம் இருந்தால் கிளைச் செயலாளரிடம் முதலில் சொல்லுங்க. கடன் தவணையை மாத்தி எழுத, பேங்க்காரனிடம் பத்துப் பேரா சேர்ந்து போய்ப் பேசலாம். ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவங்க மறைக்க வேண்டாம், உங்களை எதிர்த்து இல்லை இந்தப் போராட்டம். ஒப்பந்த நகலைக் கொண்டு வாங்க. முடிஞ்ச பிறகு நிலத்தைப் பழையபடி திருத்தித் தரணும் என்று அதில் ஒரு வரியாவது இருக்கான்னு வக்கீலை வச்சுப் பார்ப்போம். பெரும்பாலும் இருக்காது.

ஒவ்வொரு கிளையும் முதலில் செய்ய வேண்டியது இது. உங்க ஊர் எல்லையில் எத்தனை குட்டை, எந்த சர்வே நம்பர், தண்ணி எதிலிருந்து எடுக்கிறான், எந்த வடிகாலில் விடுறான், பக்கத்தில் எத்தனை போர் கரிச்சுப் போச்சு என்று ஒரு நோட்டில் எழுதுங்க. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, அந்த சர்வே நம்பர் பண்ணைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கா, எப்போ முடியுது என்று கேளுங்க. பதிவு அஞ்சு வருஷத்துக்குத்தான், முடிஞ்சும் ஓடுறது நிறைய இருக்கும். மனு எழுதத் தெரியாதவங்க சங்க ஆபீசுக்கு வாங்க, எழுதித் தர்றோம்.

அடுத்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு எல்லாக் கிளையும் கலெக்டர் ஆபீஸ் வரணும். ஆளுக்கு ஒரு பாட்டில் உங்க போர்த் தண்ணி கொண்டு வாங்க, பாட்டிலில் ஊர்ப் பெயரும் எத்தனை அடி போர் என்பதும் எழுதி ஒட்டுங்க. கரிக்கிற தண்ணியை மேசையில் வரிசையா வைப்போம், அதிகாரிகள் குடிச்சுப் பார்த்துட்டு அறிக்கை எழுதட்டும். கடற்கரை ஊர்களில் நாட்டுப்படகுக்காரர்களோடு பேசியாச்சு, அவங்களும் வர்றாங்க. அவங்க வரும்போது நாற்காலி நமக்கு, தரை அவங்களுக்கு என்று யாரும் இருந்துடக் கூடாது. பெண்கள் கட்டாயம் வரணும், குடிதண்ணிக்குக் குடத்தோடு நடக்கிறது அவங்கதான். வேன் வாடகையைக் கிளை பொறுத்துக்கும், மதியச் சாப்பாடு கட்டிக்கிட்டு வந்துடுங்க. கூட்டத் தேதி கிளைச் செயலாளர் மூலம் சொல்லப்படும்.

இவண்,
செயலாளர்